ஊர்ப் பெயரைக் காதால் படிப்பது எப்படி?

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பஸ் புறப்படத் தயாராக நின்றது. முதுகில் பெரிய பையோடு வந்த வடநாட்டு இளைஞர் ஒருவர் நடத்துநரிடம், “யெர்கௌட்?” என்றார். நடத்துநருக்குப் பிடிபடவில்லை. இளைஞர் இன்னும் அழுத்தி, “யெர்கௌட், யெர்கௌட்” என்றார். கடைசியில் செல்பேசியை எடுத்து நீட்டினார். திரையைப் பார்த்த நடத்துநர், “ஏற்காடா? ஏறுங்கள், ஏறுங்கள்” என்று வழிவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று மலை ஏறும் வரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், அந்தப் பெயர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர் எழுத்தைத் தவறவிடவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி ஒழுங்காகப் படித்தார். ஆனாலும் ஊர் கைக்கு அகப்படவில்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால், அயல்நாட்டு ஊர்ப் பெயர்களை நாம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் தனியாக இல்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஏரியும் காடும் சேர்ந்து வந்த பெயர் இது என்பார்கள். அதை ஆங்கிலேயர் எழுதியபோது ‘ஒய்’ என்ற எழுத்தில் ஏன் தொடங்கினார்கள்? தமிழில் எ, ஏ என்று தொடங்கும் சொல்லைப் பேச்சில் சொல்லும்போது முன்னால் மெல்லிய யகரம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ‘எங்கே’ என்பதை ‘யெங்கே’ போலவும், ‘ஏன்’ என்பதை ‘யேன்’ போலவும் சொல்கிறோம். நமக்கே தெரியாமல் வருகிற அந்த யகரம் வெள்ளைக்காரர் காதில் தெளிவாக விழுந்திருக்கிறது. ஏலகிரியும் ஆங்கிலத்தில் ‘ஒய்’யில் தொடங்குவது இதனால்தான். அடுத்து, ‘கா’ என்ற ஒலிக்கு அவர்கள் போட்ட இரண்டு உயிரெழுத்துகளும் ‘ஆகஸ்ட்’ மாதத்தின் முதலில் வருகிற அதே இரண்டு எழுத்துகள். கடைசியில் உள்ள ‘டு’வின் உகரம் குற்றியலுகரம், பாதி மாத்திரைதான் ஒலிக்கும். அது அவர்கள் காதுக்கு எட்டவில்லை, விட்டுவிட்டார்கள். ஆக, அந்த எழுத்துக்கூட்டல் ஒரு காது கேட்டதன் பதிவு. பதிவை எழுதியவர் கேட்டு எழுதினார். பிறகு வந்தவர்கள் கேளாமல் படிக்கிறார்கள். சேர்வராயன் மலை ஆங்கிலத்தில் ‘ஷெவராய்’ ஆனதும் இதே வழியில்தான்.

உலகத்து ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை நம்மிடம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. ஊரார் ஒன்று சொல்வார்கள். யாரோ அதைத் தம் மொழி வழக்கப்படி ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். நாம் அந்த எழுத்தை நமக்குத் தெரிந்த ஆங்கில உச்சரிப்பில் படித்து, பிறகு தமிழில் எழுதுவோம். மூன்று கை மாறி வருகிற சரக்கு. எந்தக் கையில் கசிந்தது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஊருக்கு அந்த ஊர்க்காரர்களே வழங்கும் பெயர் ஒன்று உண்டு. அதை அகப்பெயர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே உள்ளவர்கள் தங்கள் மொழியில் வழங்கும் பெயர் இன்னொன்று. அது புறப்பெயர். ஊர்ப் பெயர்களை முறைப்படுத்துவதற்கென்றே ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு வல்லுநர் குழு இயங்குகிறது; 1967-ல் ஜெனீவாவில் முதல் மாநாடு கூடியது. அவர்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்த அகமும் புறமும்தான்.

ஜெர்மனி என்பது புறப்பெயர். அந்நாட்டார் தங்கள் நாட்டை ‘டாய்ச்லாண்ட்’ என்கிறார்கள். ஜப்பானியர் தங்கள் நாட்டை ‘நிப்போன்’ அல்லது ‘நிஹோன்’ என்கிறார்கள். நமக்கும் நெடுங்காலமாகப் புறப்பெயர்கள் உண்டு. ராஜேந்திர சோழன் ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் பெற்றானே, அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. ஜாவாவைச் சாவகம் என்றோம். இப்படி ஒரு மொழிக்குள் வேர்விட்ட பெயரில் குறை எதுவும் இல்லை. அது அந்த ஊரோடு நமக்கிருந்த பழக்கத்தின் அடையாளம். பிரான்ஸ் நாட்டார் ‘பாரி’ என்கிறார்கள் என்பதற்காக நாம் ‘பாரிஸ்’ என்பதைக் கைவிட வேண்டியதில்லை.

திருத்த வேண்டியது மூன்றாவது வகையை. ஊரார் பெயரும் இல்லாமல், நம் மொழியில் ஊறிய பெயரும் இல்லாமல், எழுத்தைப் பார்த்து நாமாக ஊகித்த பெயர். ‘யெர்கௌட்’ அந்த வகை. நாம் அயலூர்களுக்குச் சூட்டிக்கொண்டிருப்பதில் பாதியும் அந்த வகைதான்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற ஒருவரின் மகள், என் பழைய மாணவி. நர்சிங் முடித்து இங்கிலாந்தில் வேலைக்குப் போனாள். வேலை கிடைத்த ஊரின் பெயரை இங்கே இருந்தவரை நாங்கள் எல்லோரும் ‘லெய்செஸ்டர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா பட்டறையில் வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னார். லண்டனில் இறங்கி, ரயில் டிக்கெட் கவுன்டரில் அதே பெயரைச் சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்தவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. எழுத்து எழுத்தாகச் சொன்ன பிறகுதான், “ஓ, லெஸ்டர்!” என்று டிக்கெட் கொடுத்தாராம். “சார், குளிரில்கூட எனக்கு வேர்த்துவிட்டது” என்று அன்றிரவு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

எட்டு ஒன்பது எழுத்து எழுதிவிட்டு ‘லெஸ்டர்’ என்று சொல்வது என்ன நியாயம் என்று வகுப்பில் கேட்டார்கள். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாம் இதற்கு மரூஉ என்று பெயரே வைத்திருக்கிறோம். தஞ்சாவூர் தஞ்சை ஆனது, கோயம்புத்தூர் கோவை ஆனது, புதுச்சேரி புதுவை ஆனது. நம் மாவட்டத்தில் ஆற்றூர் ஆத்தூர் ஆகியிருக்கிறது, இடைப்பாடி எடப்பாடி ஆகியிருக்கிறது. ஓர் ஊர்ப் பெயரைத் தினமும் ஆயிரம் முறை சொல்கிற வாய்கள் அதைத் தேய்க்கத்தான் செய்யும். படிக்கட்டில் நடுப்பகுதி தேய்வதைப் போல. நாம் தேய்ந்த வடிவத்தையே எழுத்திலும் ஏற்றுக்கொண்டோம். ஆங்கிலேயர் தேயாத வடிவத்தை எழுதி, தேய்ந்த வடிவத்தைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் தெளிந்தன. அதன் பிறகு வரிசையாக வந்தன: ‘வொர்செஸ்டர்’ இல்லை, வூஸ்டர். ‘கிரீன்விச்’ இல்லை, கிரெனிச். ‘எடின்பர்க்’ இல்லை, எடின்பரா.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல ஊர்கள் பழைய உலகத்துப் பெயர்களைத் தாங்கி, புது ஒலியில் வழங்குகின்றன. பிரான்ஸில் அரண்மனை இருக்கும் ஊர் ‘வெர்சாய்’. அதே எழுத்தில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஊர் ‘வெர்சேல்ஸ்’. பெரு நாட்டின் தலைநகர் ‘லீமா’. ஒஹாயோ மாநிலத்து ஊர் ‘லைமா’. டெக்சாஸில் ‘ஹியூஸ்டன்’, அதே எழுத்துகளோடு நியூயார்க்கில் ஒரு தெரு இருக்கிறது, அது ‘ஹௌஸ்டன்’. இவற்றில் எது சரி என்று கேட்டால், அந்தந்த இடத்தில் அங்கிருப்பவர் சொல்வது சரி. கென்டக்கியில் நின்றுகொண்டு பிரெஞ்சு உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஒரு மாநிலம் இதற்குச் சட்டசபையையே கூட்டியிருக்கிறது. ‘கான்சஸ்’ என்பதற்கு முன்னால் இரண்டெழுத்து சேர்த்தால் ‘ஆர்கான்சஸ்’ என்றுதானே படிப்போம்? அந்த மாநிலத்தார் ‘ஆர்கன்சா’ என்கிறார்கள். கடைசி ‘எஸ்’ ஒலிக்காது என்று 1881-ல் சட்டமன்றத் தீர்மானம் போட்டே உறுதி செய்தார்கள். தங்கள் ஊர்ப் பெயர் பிறர் வாயில் எப்படி வருகிறது என்பதில் மனிதர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

நம் சேலத்துக்கும் அங்கே பெயரொத்த ஊர்கள் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்று. 1692-ல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி அப்பாவிகளைத் தூக்கிலிட்ட வழக்குகளால் அறியப்பட்டது. ஆரிகன் மாநிலத்தின் தலைநகரமும் அதே பெயர்தான். அவை விவிலியத்தில் வரும் எபிரேயப் பெயரிலிருந்து வந்தவை, ‘செய்லம்’ என்று ஒலிக்கும். நம் ஊருக்கும் அவற்றுக்கும் எழுத்து மட்டுமே ஒன்று. அமெரிக்கர் ஒருவர் நம் ஊரைச் ‘செய்லம்’ என்றால் அவர் தம் ஊரை நினைத்துச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, ‘சேலம்’ என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிக் காட்டலாம். பெரும்பாலும் அடுத்த முறை சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

பெயர் பிசகினால் வெறும் சங்கடத்தோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 1985-ல் கலிபோர்னியாவில் உள்ள ஓக்லண்டுக்குப் போக வேண்டிய கல்லூரி மாணவர் ஒருவர், லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போகும் விமானத்தில் ஏறிவிட்டார். நியூசிலாந்துக்காரர் வாயில் ஆக்லாந்து கிட்டத்தட்ட ‘ஓக்லண்ட்’ என்றேதான் ஒலிக்கும். கேட்டவர் கேட்டதும், சொன்னவர் சொன்னதும் காதுக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியவர் பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் போய் இறங்கினார். அதனால்தான் மாணவர்களிடம் சொல்வேன்: டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரையும் மாநிலத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்தில் அயல் ஒலிகளை எழுதவே முடியாது என்று ஒரு புலம்பல் எப்போதும் கேட்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சில இடங்களில் ஆங்கிலத்தைவிட நம் எழுத்து நெருங்கிப் போகிறது. நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ‘துபாய்’ என்கிறார்கள். கொஞ்சம் ஆங்கிலம் படித்தவர்கள் அதைத் திருத்தி ‘டுபாய்’ என்கிறார்கள். அரபியில் அந்த முதல் ஒலி நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது, நம் தகர இனம். ஆங்கிலேயர் நாக்கு பல்லுக்கு மேலே போவதால்தான் அது ‘டு’ ஆகிறது. கட்டட வேலைக்குப் போகிறவர் சொல்லும் துபாய்தான் அந்த ஊர்க்காரர் சொல்வதற்கு அருகில் இருக்கிறது. ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றிலும் இப்படியே. ஸ்பெயின் தலைநகரை ‘மத்ரித்’ என்று சொல்லிப் பாருங்கள்; அங்கே உள்ளவர் முகம் மலரும்.

இன்னொன்று, நாம் மறந்துவிட்ட ஆய்தம். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் ‘மோக்கா’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அது ஏமன் நாட்டில் காப்பி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகத்தின் பெயர். அந்த ஊர்க்காரர் சொல்லும்போது நடுவில் வருவது தொண்டையோரம் உரசிவரும் ஒலி. அதை எப்படி எழுதுவது? ‘எஃகு’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த உரசல் கிட்டத்தட்ட வந்துவிடுகிறதல்லவா? ‘முஃகா’ என்று எழுதினால் ஆங்கில எழுத்துக்கூட்டலைவிட நெருங்கிவிடலாம். ஆய்தத்தை இன்று பெரும்பாலும் பகரத்தோடு சேர்த்து ‘ஃபின்லாந்து’ போன்ற பெயர்களுக்கே பயன்படுத்துகிறோம். அதன் பழைய வேலையையும் அதற்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

காப்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து, ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று அறியப்படும் பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரை நம் பக்கத்தில் ‘காக்பர்ன்’ என்று எழுதுகிறோம். அது ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர். நடுவில் உள்ள எழுத்துகள் ஒலிக்காது, ‘கோபர்ன்’ என்பார்கள். ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியின் பெயரிலும் ஒரு பிரெஞ்சு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் 1673-ல் பிறந்த துறவியின் வழியாக வந்த பெயர். பிரான்ஸில் அதன் கடைசி ‘ட்’ ஒலிக்காது. ஆனால் பள்ளியின் பெயரை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். நூறு ஆண்டுகளாக ஒண்டிக்கடையில் பஸ் இறங்குகிறவர்கள் ‘மான்ஃபோர்ட்’ என்றுதான் வழி கேட்டிருக்கிறார்கள். அது இப்போது ஏற்காட்டுப் பெயர்.

தமிழ் எழுத்தில் உண்மையான சிக்கல் வல்லினத்தில் இருக்கிறது. கென்யாவும் கயானாவும் ஒரே ககரத்தில் தொடங்குகின்றன, ஒலியோ வேறு. படிக்கிறவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் உண்டு. சொல்லின் நடுவில் மட்டும் நமக்கு ஒரு வழி இருக்கிறது. தனி வல்லினம் மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். அதனால்தான் டோக்கியோ, ஜமைக்கா, கத்தார் என்று இரட்டித்து எழுதுகிறோம். ‘கதார்’ என்று எழுதியிருந்தால் நம் வாய் அதை மென்மையாக்கிக் கெடுத்திருக்கும். இந்த வழியை அறிந்தவர் ‘ஒசாகா’ என்று எழுத மாட்டார், ‘ஒசாக்கா’ என்று எழுதுவார். இரட்டித்து எழுதியது எழுத்துப் பிழை என்று எண்ணித் திருத்துகிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து திருத்தாதீர்கள்.

சில நாடுகள் தாங்களே கேட்டுக்கொண்டு பெயரை மாற்றிக்கொள்கின்றன. 2018-ல் சுவாசிலாந்து ‘எஸ்வாத்தினி’ ஆனது. உக்ரைன் தன் தலைநகருக்கு ரஷ்ய வழிப் பெயரை விட்டுத் தன் மொழிப் பெயரை வழங்கும்படி கேட்கிறது. அவர்கள் கேட்டால் கொடுப்பதுதான் முறை. துருக்கி 2022-ல் கேட்டது ரோமன் எழுத்தில் தன் பெயர் வர வேண்டிய விதத்தைப் பற்றி. தமிழின் ‘துருக்கி’ அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்பது என் எண்ணம். நாமும் கேட்டுப் பார்த்தவர்கள்தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. புது எழுத்துக்கூட்டல்களைப் பற்றி எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

இது மரியாதையைப் பற்றிய பேச்சும்தான். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவன் மாவட்ட ஊர்களின் ஆங்கிலப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தான். சேர்வராயன் மலையில் உள்ள ஓர் ஊரை ‘வலவந்தி’ என்றான். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். வகுப்பில் வாயே திறக்காத பையன். “வாழவந்தி, சார். வாழ வந்த ஊர்” என்றான். அவன் ஊர். ழகரத்தை அவ்வளவு சுத்தமாக அன்றுதான் அந்த வகுப்பறையில் கேட்டோம். படித்தவன் உடனே, “வாழவந்தி” என்று திருத்திச் சொல்லிவிட்டு மேலே படித்தான். இரண்டு நொடி வேலை. கடைசி பெஞ்சுப் பையன் அதன் பிறகு வகுப்பில் பேச ஆரம்பித்தான்.

எப்படிக் கற்பது என்று கேட்பவர்களுக்கு: அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள், அது கிடைக்காவிட்டால் அந்த ஊர் வானொலிச் செய்தியையோ ரயில் அறிவிப்பையோ இணையத்தில் கேளுங்கள். நல்ல அகராதிகளில் பன்னாட்டு ஒலியெழுத்தில் உச்சரிப்பு குறித்திருக்கும். 1888-ல் முதல் வடிவம் பெற்ற அந்த எழுத்துமுறையில் ஒரு இருபது குறிகளைத் தெரிந்துகொண்டாலே பெரும் உதவி. பிபிசி நிறுவனம் செய்தி வாசிப்பவர்களுக்குப் பெயர்களின் உச்சரிப்பைத் தேடித் தருவதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கிறது. அவர்களே கேட்டுத்தான் சொல்கிறார்கள் என்றால் நாம் கேட்பதில் வெட்கம் என்ன? கேட்டதை வரைபடத்தில் அந்த ஊரின் மேல் பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள். பிரெஞ்சுக்காரரைப் போல ரகரத்தைத் தொண்டையில் உருட்ட வேண்டாம். உங்கள் நாக்குக்கு இயன்ற ஒலிகளைக்கொண்டு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போதும்.

எங்கள் வகுப்பு அட்லஸில் இங்கிலாந்துப் பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. லெஸ்டரில் இருக்கும் மாணவி வாரம் ஒரு பெயரைக் குரல் செய்தியாக அனுப்புகிறாள். போன வாரம் அனுப்பியது அவளுக்குப் பக்கத்து ஊர். ரோமன் எழுத்தில் பன்னிரண்டு எழுத்து. எழுத்தைப் பார்த்து ‘லௌபரௌ’ என்றார்கள், ‘லோபோரோ’ என்றார்கள். செய்தியைப் போட்டேன். இருபதாண்டுகளாக அந்த ஊரில் இருக்கும் உடன் வேலை செய்யும் நர்ஸ் ஒருவரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். ‘லஃப்’ என்று தொடங்கி, உடனே மெல்லிய பகரம், பிறகு ‘ரா’. மூன்று முறை போட்டுக் கேட்டோம். வாழவந்திப் பையன் கரும்பலகைக்கு வந்து ‘லஃப்பரா’ என்று எழுதினான். படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இரட்டித்ததால் பகரம் வன்மையாகிவிட்டது. அழித்தான். ‘லஃபரா’ என்று எழுதினான். இப்போது பகரமே காணாமல் போனது. கடைசியில் ‘லஃப்’ என்று எழுதி, ஒரு விரல் அளவு இடம் விட்டு, ‘பரா’ என்று எழுதினான். “பரா என்பதை ‘பலம்’ என்பதில் வருவதைப் போலச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் குறிக்கலாமா, சார்?” என்று கேட்டான். குறித்துக்கொண்டோம்.